பெரிய இடத்துப் பிள்ளைகளும் பட்டாளமும்: பிரிட்டிஷ் அரச குடும்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ராணுவத்தில் இளவரசர்களுக்குச் சலுகை உண்டா, இல்லையா?

உண்டு. ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. பயிற்சிக் காலத்தில் சேற்றில் உருளுவது, விடியற்காலையில் பூட்ஸுக்கு மெருகேற்றுவது, முகாம் சாப்பாடு, கொட்டுகிற மழையில் முதுகுச்சுமையோடு நடப்பது, இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளே நுழைகிற வாசல், வெளியே போகிற வாசல், போன பிறகு தோளில் ஏறுகிற பட்டைகள், இந்த மூன்று இடத்தில்தான் அரச ரத்தம் வேலை செய்கிறது. இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தச் சலுகைக்கான விலையைப் பல சமயம் பக்கத்தில் நின்றவர்தான் கொடுத்திருக்கிறார்.

யாராவது சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்திருக்கிறார்களா?

நமக்குப் பெயர் தெரிந்த இளவரசர்கள் எல்லோருமே அதிகாரியாகத்தான் போனார்கள். தரைப்படை என்றால் சாண்ட்ஹர்ஸ்ட், கடற்படை என்றால் டார்ட்மத், விமானப்படை என்றால் கிரான்வெல். அதனால் "இளவரசரும் சாதாரணச் சிப்பாயும் ஒன்றா" என்ற ஒப்பீடே கொஞ்சம் கோணலானது. அவர்களை ஒப்பிட வேண்டியது மற்ற அதிகாரிகளோடு. அங்கேயும் எந்த ரெஜிமென்ட் என்பதில் தேர்வு அவர்கள் பக்கம்தான். வில்லியம், ஹாரி இருவரும் சேர்ந்த 'புளூஸ் அண்ட் ராயல்ஸ்', அரண்மனையோடு பரம்பரைத் தொடர்புள்ள குதிரைப்படைப் பிரிவு. இன்றைக்கு அது கவச வண்டிப் படையும்கூட.

இதில் வேடிக்கையான பழைய கதை ஒன்று. 1914ல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் (பின்னாளில் எட்டாம் எட்வர்ட்) கிரெனடியர் கார்ட்ஸில் மன்னரின் பெயர் தாங்கிய கம்பெனிக்குப் போனார். அங்கே சேர ஆறடி உயரம் வேண்டும். அவர் ஐந்தடி ஏழங்குலம். அளவுகோல் அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டுவிடுவார்களா?

ஆளைப் பொறுத்தும் காலத்தைப் பொறுத்தும் மாறியிருக்கிறது. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான ஆல்பர்ட், ஆஸ்போர்ன் கடற்படைப் பள்ளியின் இறுதித் தேர்வில் வகுப்பிலேயே கடைசி. அப்படியிருந்தும் 1911ல் அவரை டார்ட்மத்துக்கு ஏற்றிவிட்டார்கள். வேறு வீட்டுப் பையனாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹாரி 2005 மே மாதம் சாண்ட்ஹர்ஸ்டில் நுழைந்தார். 44 வாரப் பயிற்சி. பட்டப்படிப்பு இல்லை. மேல்நிலைத் தேர்வில் ஓவியத்தில் 'பி', புவியியலில் 'டி'. கூடப் படித்தவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள். ஆனால் பட்டம் கட்டாயமில்லை என்பதும் உண்மை. 2006 ஏப்ரலில் அவர் அதிகாரியான அணிவகுப்புக்குப் பாட்டி எலிசபெத் அரசியே வந்திருந்தார். அந்த அணிவகுப்புக்கு அவர் நேரில் வந்தது 15 ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. அன்றைக்கு அதிகாரியான மற்ற பிள்ளைகளுக்கும் அரசி முன்னால் நடந்தோம் என்ற பெருமை இலவசமாகக் கிடைத்தது.

வில்லியம் விஷயத்தில் இரண்டு விதமும் இருக்கிறது. 2008ல் விமானப்படையோடு சில மாதம் இருந்துவிட்டு ஏப்ரலில் விமானிக்கான 'இறக்கை' வாங்கினார். சட்டையில் குத்திவிட்டவர் அப்பா சார்லஸ். மற்றவர்களுக்கு அந்த இறக்கை கிடைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். முப்படையையும் தெரிந்துகொள்ள, வருங்கால மன்னருக்கென்றே போட்ட சுருக்கப் பாடம் அது. சலுகை என்றால் சலுகைதான். ஆனால் அப்புறம் அவர் தேடுதல் மீட்பு ஹெலிகாப்டர் விமானியாக வேண்டும் என்று வந்தபோது, 2009 தொடக்கத்திலிருந்து 2010 செப்டம்பர் வரை முழுப் பயிற்சியையும் எடுத்தார். அங்கே குறுக்கு வழி இல்லை. கடலில் தத்தளிக்கிறவனைத் தூக்கும்போது ஹெலிகாப்டருக்கு ஓட்டுகிறவரின் தாத்தா யார் என்று தெரியாதே. ஆங்கிள்சீ தீவிலுள்ள வேலி தளத்தில் மூன்று ஆண்டு சீ கிங் ஹெலிகாப்டர் ஓட்டி, 156 அழைப்புகளில் பங்கெடுத்தார். அதில் மீட்கப்பட்டவர்கள் 149 பேர்.

சம்பளம்?

பதவிக்கு உரிய சம்பளம்தான். கேப்டனுக்கு என்னவோ அதுவே. கூடவும் இல்லை, குறைவும் இல்லை.

சக வீரர்கள் "இளவரசே" என்றா கூப்பிடுவார்கள்?

இல்லை. ஹாரி பட்டாளத்தில் 'கேப்டன் வேல்ஸ்'. சீருடையிலும் அதுதான் பெயர். அப்பா அப்போது வேல்ஸ் இளவரசர் என்பதால் ஊர்ப்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. அவருடைய கொள்ளுத்தாத்தா ஆல்பர்ட் கடற்படையில் 'மிஸ்டர் ஜான்சன்'. அந்த ஜான்சன் 1916ல் ஜட்லாண்ட் கடற்போரின்போது கப்பலின் மருத்துவ அறையில் படுத்திருந்தார். சண்டை தொடங்கியதும் எழுந்து பீரங்கிக் கோபுரத்துக்குப் போய்விட்டார். வகுப்பில் கடைசியாக வந்தவர்தான், ஆனால் அன்றைக்குப் படுத்துக்கொண்டே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

போர்முனைக்கு நிஜமாகவே அனுப்புகிறார்களா, போட்டோவுக்கு மட்டுமா?

அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பாமலும் இருந்திருக்கிறார்கள்.

1982ல் அர்ஜென்டினாவோடு நடந்த பாக்லாந்து போரில், எலிசபெத் அரசியின் மகன் ஆண்ட்ரூவுக்கு வயது 22. 'இன்வின்சிபிள்' விமானந்தாங்கிக் கப்பலில் சீ கிங் ஹெலிகாப்டரின் துணை விமானி. அரசாங்கத்தில் சிலர் அவரைப் பத்திரமான மேசை வேலைக்கு மாற்றப் பார்த்தார்கள். அம்மா எலிசபெத் ஒப்பவில்லை, மகன் கப்பலோடு போகட்டும் என்றார். அங்கே அவர் பார்த்த வேலைகளில் ஒன்று, கப்பலை நோக்கி வரும் எக்ஸோசெட் ஏவுகணையைத் தன் ஹெலிகாப்டர் பக்கம் திசைதிருப்புவது. அதாவது தூண்டில் புழு வேலை. ஆண்ட்ரூ பற்றி இன்றைக்கு நல்ல வார்த்தை சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் அந்தக் கோடையில் அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஹாரி கதை வேறு. 2007ல் அவருடைய படைப்பிரிவு இராக்குக்குப் போக வேண்டும். அவரும் போவார் என்று அறிவித்தார்கள். அதற்குள் அவரையே குறிவைத்து அங்கிருந்து மிரட்டல்கள் வந்தன. தரைப்படைத் தளபதி ரிச்சர்ட் டானட் மே மாதம் முடிவை மாற்றிவிட்டார். ஹாரிக்கு மட்டுமல்ல, அவரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கும் ஆபத்து என்பது தளபதி சொன்ன காரணம். காரணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மகனை இராக்கில் பறிகொடுத்த சில பெற்றோர் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது: எங்கள் பிள்ளையின் உயிர் மட்டும் என்ன மலிவா?

இந்த இடத்தில் நான் இரண்டு பக்கமும் தலையாட்டப் போவதில்லை. தளபதி செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சரியான முடிவே சலுகைக்கு முழு உதாரணம். "என்னால் என் கூட்டாளிகளுக்கு ஆபத்து, என்னை அனுப்பாதீர்கள்" என்ற காரணம் வேறெந்த லெப்டினன்ட் சொல்லியும் எடுபடாது.

ஆனால் ஹாரி ஆப்கானிஸ்தான் போனாரே?

இரண்டு முறை. முதல் பயணம் 2007 டிசம்பர், ஹெல்மாண்ட் மாகாணம். ஊருக்கே தெரிந்தால் ஆபத்து என்பதால் பிரிட்டிஷ் பத்திரிகைகளோடு பாதுகாப்பு அமைச்சகம் ஓர் ஒப்பந்தம் போட்டது: இப்போது எழுதாதீர்கள், திரும்பி வந்ததும் பேட்டியும் படமும் தருகிறோம். பரபரப்புக்குப் பேர்போன லண்டன் பத்திரிகைகள் பத்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தன என்பதே ஓர் அதிசயம். அங்கே அவர் வேலை, தரையில் இருந்தபடி வானொலியில் போர் விமானங்களை வழிநடத்துவது. அழைப்புப் பெயர் 'விடோ சிக்ஸ் செவன்'. மேலே பறந்த விமானிகளுக்குக் கீழே பேசுகிறவர் யார் என்று தெரியாது.

ஜனவரியிலேயே ஓர் ஆஸ்திரேலிய வார இதழ் விஷயத்தைப் போட்டுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் 'டிரட்ஜ் ரிப்போர்ட்' இணையதளம் போட்டதும் ரகசியம் உடைந்தது, உடனே அவரைத் திருப்பி அழைத்தார்கள். கூட இருந்தவர்கள் தங்கள் காலம் முடியும்வரை அங்கேயே இருந்தார்கள். நான் முதலில் சொன்ன வெளியே போகிற வாசல் இதுதான்.

இரண்டாவது முறை ரகசியம் இல்லை. அதற்குள் அப்பாச்சி ஹெலிகாப்டரில் பயிற்சி முடித்திருந்தார். 2012 செப்டம்பரில் கேம்ப் பாஸ்டியனுக்குப் போய் 2013 ஜனவரி வரை துணை விமானியாகவும் சுடுபவராகவும் இருந்தார். அவர் போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில், செப்டம்பர் 14 அன்று, தாலிபான்கள் அந்த முகாமுக்குள்ளேயே புகுந்து தாக்கினார்கள். இரண்டு அமெரிக்க மரீன்கள் இறந்தார்கள். இளவரசர் அங்கே இருப்பதும் தாக்குதலுக்கு ஒரு காரணம் என்று தாலிபான்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கூட இருப்பவர்களுக்கு உண்மையிலேயே பாதிப்பு வந்திருக்கிறதா? அது வெறும் சாக்கா?

வந்திருக்கிறது. இதற்கு 1879க்குப் போக வேண்டும்.

நாடிழந்த பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஒரே மகன் லூயி, பதினான்கு வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர், பிரிட்டிஷ் ராணுவப் பள்ளியில் படித்தவர். ஜூலு போருக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். கடைசியில் விக்டோரியா அரசியும் லூயியின் தாயாரும் பேசி, தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிவைத்தார்கள். பார்வையாளர் மாதிரி, ஆபத்தில்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏற்பாடு. பையன் அடங்குகிற ஆள் இல்லை. ஜூன் 1 அன்று சிறு குழுவோடு வேவு பார்க்கப் போனார். கூடப் போன லெப்டினன்ட் கேரிக்கு, தலைமை தன்னுடையதா, இளவரசருடையதா என்பதே தெளிவில்லை. ஆளில்லாத ஒரு குடியிருப்பில் இறங்கிக் காப்பி போட்டுக் குடித்தார்கள். ஜூலு வீரர்கள் பாய்ந்தபோது எல்லோரும் குதிரையை நோக்கி ஓடினார்கள். இளவரசர் பிடித்துத் தொங்கிய சேணத்துப் பட்டை அறுந்துபோனது. 23 வயதில் ஈட்டிக் காயங்களோடு இறந்தார். அவரோடு சேர்ந்து இரண்டு சாதாரண வீரர்களும் இறந்தார்கள். அவர்கள் பெயரை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

கேரியை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். எதிரியின் முன் தகாதபடி நடந்தார் என்று குற்றச்சாட்டு. குற்றவாளி என்று தீர்ப்பும் வந்தது. பிறகு லண்டனில் அது ரத்தாகி அவர் வேலைக்குத் திரும்பினாலும், உடன் இருந்த அதிகாரிகள் மதிக்கவில்லை. நான்கு ஆண்டுக்குள் இந்தியாவில் இறந்துபோனார். அரண்மனைக் கோழிமுட்டை குடியானவன் வீட்டு அம்மியை உடைத்தது என்பார்களே, அதுதான். அன்றைக்குச் செத்தது இன்னொரு லெப்டினன்டாக இருந்திருந்தால் கேரியின் பெயர் இன்று நமக்குத் தெரிந்தே இருக்காது.

இன்னொன்று 1915. மேலே சொன்ன ஐந்தடி ஏழங்குல எட்வர்டைப் போர்முனைக்கு விட போர் அமைச்சர் கிச்சனர் மறுத்தார். செத்தால்கூடப் பரவாயில்லை, எதிரி கையில் சிக்கிவிட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. ஆனாலும் எட்வர்ட் பிரான்ஸில் முன்னணி வரிசைகளைச் சுற்றிப் பார்க்கப் போவார். லூஸ் போர்க்களத்தில் ஒருநாள் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். திரும்பி வருவதற்குள் குண்டுச் சிதறல் பட்டு, காரிலிருந்த ஓட்டுநர் இறந்திருந்தார்.

அரச குடும்பத்தில் யாரும் போரில் இறந்ததில்லையா?

இறந்திருக்கிறார்கள். விக்டோரியாவின் பேரன் மாரிஸ் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே கொல்லப்பட்டார். உடலை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று சொன்னபோது தாயார் பியாட்ரிஸ் இளவரசி வேண்டாம் என்றார், மற்ற வீரர்களோடேயே இருக்கட்டும் என்று. கிடைத்த சலுகையை மறுத்த அபூர்வமான சம்பவம். இன்றும் ஈப்ர் நகரக் கல்லறையில்தான் இருக்கிறார். 1942 ஆகஸ்டில், ஆறாம் ஜார்ஜின் தம்பி கென்ட் கோமகன் விமானப்படைப் பணியாக ஐஸ்லாந்து புறப்பட்டபோது, ஸ்காட்லாந்து மலையில் விமானம் மோதி இறந்தார்.

அரச குடும்பத்துப் பெண்கள்?

1945 பிப்ரவரியில் 18 வயது எலிசபெத், பெண்கள் துணைப்படையில் சேர்ந்தார். எண் 230873. அப்பாவுக்கு அரை மனசு. லாரி ஓட்ட, டயர் மாற்ற, எஞ்சினைப் பிரித்து மாட்ட ஆல்டர்ஷாட்டில் கற்றுக்கொண்டார். கையில் கிரீஸ் நிஜம். ஆனால் மற்ற பெண்கள் முகாமில் தூங்க, இவர் ராத்திரி விண்ட்சர் கோட்டைக்குப் போய்விடுவார். போர் முடிகிற நேரம் வேறு. ஆனாலும் வண்டி ஓட்டும் ஆசை கடைசிவரை போகவில்லை.

ராணுவ வாகனத்தைச் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார்களே?

2008 வசந்தத்தில் நடந்தது. பயிற்சியில் இருந்த வில்லியம் ஒரு சினூக் ராணுவ ஹெலிகாப்டரை, அப்போது காதலியாக இருந்த கேட் மிடில்டன் வீட்டு நிலத்தில் இறக்கி ஏற்றினார். இன்னொரு தடவை லண்டனில் தம்பியையும் ஏற்றிக்கொண்டு வைட் தீவுக்குப் பறந்தார். அங்கே உறவினர் ஒருவரின் கல்யாணத்துக்கு முந்தைய ஆண்கள் விருந்து. அந்தப் பயணத்தின் செலவு 8,716 பவுண்டு என்று அமைச்சகமே பிறகு சொன்னது. எல்லாம் பயிற்சி நேரத்துக்குள் அடங்கும் என்பது அதிகாரபூர்வமான விளக்கம். கூட அனுபவமுள்ள விமானிகள் இருந்ததும், எப்படியும் அவர் எங்காவது பறந்துதான் ஆக வேண்டும் என்பதும் உண்மை. அதே சமயத்தில் ஆப்கானிஸ்தானில் ஹெலிகாப்டர் பற்றாக்குறை என்று படையினர் புலம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. எந்தச் சப்பைக்கட்டும் எடுபடாத ஒரே விஷயம் என்று இதைத்தான் சொல்வேன்.

தப்பு செய்தால் தண்டனை உண்டா?

சாண்ட்ஹர்ஸ்ட் காலத்தில் ஹாரி எடுத்த ஒரு வீடியோ 2009 ஜனவரியில் வெளியானது. அதில் பாகிஸ்தானிய சக பயிற்சியாளரை இனவசையால் குறிப்பிட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டார், மேலதிகாரியிடம் கண்டனம் வாங்கினார், சமத்துவம் பற்றிய வகுப்புக்கு அனுப்பினார்கள். இன்னொரு இளம் அதிகாரிக்கும் கிட்டத்தட்ட அதுதான் நடந்திருக்கும். ஆனால் அவருடைய வீடியோ உலகம் முழுக்க ஓடியிருக்காது.

பாதியில் விட்டுவிட்டு வந்தால்?

எலிசபெத்தின் கடைசி மகன் எட்வர்ட் 1987 ஜனவரியில் ராயல் மரீன் பயிற்சியிலிருந்து விலகினார். வருஷப் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்குதான் முடித்திருந்தார். பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அந்தப் பயிற்சியில் எத்தனையோ பேர் விலகுவார்கள், அவர்கள் பெயர் முதல் பக்கத்தில் வராது. அந்த வகையில் அவருக்குக் கிடைத்தது சலுகைக்கு நேரெதிர். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

மார்பு நிறையப் பதக்கம், தோளில் ஜெனரல் பட்டை. இதெல்லாம் எப்படி வருகிறது?

இங்கேதான் எனக்கு உண்மையான எரிச்சல். சார்லஸ் 1970களில் கடற்படையில் சில ஆண்டு பணியாற்றி, கடைசியில் 'பிரானிங்டன்' என்ற சிறிய கண்ணிவாரிக் கப்பலுக்குத் தலைமை வகித்துவிட்டு 1976ல் வெளியே வந்தார். அது உழைப்பு. 2012ல் அவர் ஒரே நாளில் பீல்ட் மார்ஷல், கடற்படையின் அட்மிரல் ஆப் தி பிளீட், விமானப்படையின் மார்ஷல், மூன்றும் ஆனார். இவை கௌரவப் பதவிகள், கட்டளையிடும் அதிகாரம் இல்லை. பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு சுபேதார் அளவுக்கு உயர இருபது வருஷம் உழைத்தவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

தாய்லாந்தில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. அப்போதைய பட்டத்து இளவரசரின் வளர்ப்பு நாய் பூபூ, விமானப்படையில் ஏர் சீப் மார்ஷல் என்று 2007ல் அமெரிக்கத் தூதர் தன் அரசாங்கத்துக்கு எழுதியனுப்பினார். விக்கிலீக்ஸ் புண்ணியத்தில் நமக்கும் தெரிந்தது.

சரி, லண்டனுக்கு வருவோம். கொடுக்கிற கை திரும்ப எடுக்கவும் செய்யும். ஆண்ட்ரூவின் ரெஜிமென்ட் பதவிகள் 2022 ஜனவரியில் பறிபோயின. அரச கடமையிலிருந்து விலகிய ஹாரி அவற்றை முந்தைய ஆண்டே இழந்திருந்தார். 2022 செப்டம்பரில் எலிசபெத்தின் இறுதிச் சடங்கு. சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்களைப் பாருங்கள். பாக்லாந்தில் பறந்த ஆண்ட்ரூ சாதா கோட்டில். ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு முறை போன ஹாரி சாதா கோட்டில். மரீன் பயிற்சியைப் பாதியில் விட்ட எட்வர்ட் முழு ராணுவச் சீருடையில். குடும்பத்தில் நிஜமான போரைப் பார்த்த இரண்டு ஆண்களுக்குத்தான் அன்றைக்குச் சீருடை இல்லை.

மற்ற நாடுகளில்?

டென்மார்க்கின் பிரெடெரிக், இன்றைய மன்னர், 1995ல் கடற்படைத் தவளை வீரர் (நீருக்கடியில் மூழ்கிச் செயல்படும் வீரர்) பயிற்சியை முடித்தார். நீச்சலுடைக்குள் தண்ணீர் புகுந்து பெங்குயின் மாதிரித் தத்தித் தத்தி நடந்ததில் கூட்டாளிகள் 'பிங்கோ' என்று பெயர் வைத்தார்கள். பட்டத்து இளவரசருக்குப் பட்டப்பெயர் வைக்க முடிந்தது என்றால் அங்கே சமத்துவம் ஓரளவு நிஜம்தான். ஸ்பெயினின் லியோனோர் 2023ல் தொடங்கி முப்படைப் பள்ளிகளிலும் ஒவ்வோர் ஆண்டு என்ற திட்டத்தில் படிக்கப் போனார். மற்ற கேடட்டுகளுக்கு இதைவிட நீண்ட படிப்பு. நாளை அரசியானால் அவரே படைகளின் தலைவர் என்று அரசியல் சட்டம் சொல்வதால் இந்தச் சுருக்க வழி.

நம் இந்திய ராஜாக்கள்?

ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெய்ப்பூர் மகாராஜா பவானி சிங். 1951ல் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தவர், படிப்படியாக ஏறி 10 பாரா கமாண்டோ படைக்குத் தலைமை வகித்தார். 1971 டிசம்பர் போரில் எல்லை தாண்டி சிந்து மாகாணத்தின் சாச்ரோவரை போய்த் தாக்கி, மகாவீர் சக்ரா பெற்றார். அதே டிசம்பர் கடைசியில் இந்திய அரசியல் சட்டத்தின் 26வது திருத்தம் மன்னர் பட்டங்களையும் மானியத்தையும் ஒழித்தது. மகாராஜா பட்டம் சட்டப்படி போனது, லெப்டினன்ட் கர்னல் பட்டம் இருந்தது. 1974ல் ஓய்வு பெற்றார். பிற்பாடு இலங்கையில் இந்திய அமைதிப்படையில் அவருடைய பழைய 10 பாரா சிரமத்தில் இருந்தபோது, ராஜீவ் காந்தி கேட்டுக்கொண்டதன் பேரில் போய் வீரர்களுக்குத் தெம்பூட்டிவிட்டு வந்தார். அதற்காக அவருக்கும் பிரிகேடியர் என்று ஒரு கௌரவப் பதவி வந்து சேர்ந்தது.